சர்வேயில் ஒப்புக்கொண்ட 20 லட்சம்: காதர் கான் சன் வழக்கு

2001 ஜூலை 24, செவ்வாய்க்கிழமை. எஸ். காதர் கான் சன் என்ற கூட்டு நிறுவனத்துக்கு வருமான வரித்துறை அதிகாரிகள் வந்தார்கள். ரெய்டு இல்லை, சர்வே. கணக்கைப் பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். பங்குதாரர்களில் ஒருவர் பதில் சொன்னார். வாக்குமூலம் எழுதி முடிந்தபோது அதில் இரண்டு தொகைகள் இருந்தன: 2001-02 மதிப்பீட்டு ஆண்டுக்குக் கூடுதல் வருமானம் 20 லட்சம், அடுத்த ஆண்டுக்கு 30 லட்சம். நம்மூர் ஆடிட்டர் பாஷையில் சொன்னால், பார்ட்னர் ‘சரண்டர்’ பண்ணிவிட்டார்.

ஆகஸ்ட் 3 தேதியிட்டு நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியது. அன்று பேசிய பங்குதாரர் நிர்வாகத்துக்குப் புதியவர், அதிகாரிகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஏதோ ஒரு தொகைக்கு ஒத்துக்கொண்டுவிட்டார், அந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறோம் என்பது கடிதத்தின் சாரம். அதிகாரி அதை ஏற்கவில்லை. வாக்குமூலத்தைப் பிடித்துக்கொண்டு வரி போட்டார்.

இரண்டு தேதிகளுக்கும் இடையில் பத்து நாள். அந்தப் பத்து நாளில் எழுந்த கேள்வி முடிவுக்கு வர பதினோரு ஆண்டுகள் ஆயின. வரி வழக்குகளில் தொகையை வைத்துப் பார்த்தால் இது சின்ன வழக்கு. ஆனால் இன்றைக்கு நாட்டின் எந்த மூலையில் இருக்கும் வருமான வரித் தீர்ப்பாயத்திலும், சர்வே வாக்குமூலம் என்று பேச்சு எடுத்தால் வரி செலுத்துபவரின் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது சென்னை உயர் நீதிமன்றத்தின் இந்தத் தீர்ப்பைத்தான்.

ரெய்டும் சர்வேயும் ஒன்று என்றுதான் வெளியில் பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் அவை வேறு வேறு கதவுகள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் ஓர் அதிகாரி ஒருவரை உட்கார வைத்துக் கேள்வி கேட்க மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது 131-வது பிரிவு, அதாவது சம்மன். ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் இதில் அதிகாரிக்குக் கிடைக்கிறது. ஆளை வரவழைக்கலாம், சத்தியப் பிரமாணம் செய்யவைத்து விசாரிக்கலாம், கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வா என்று கட்டாயப்படுத்தலாம். வராவிட்டாலோ, கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தாலோ, சொன்னதற்குக் கையெழுத்துப் போட மறுத்தாலோ ஒவ்வொரு தவறுக்கும் 10,000 ரூபாய் அபராதம் என்று 272ஏ பிரிவு சொல்கிறது.

இரண்டாவது 132. இதுதான் நிஜமான ரெய்டு. வீடு, கடை, லாக்கர் எல்லாம் திறக்கும். அதன் நான்காம் உட்பிரிவு அதிகாரிக்கு ஒரு தனி ஆயுதம் தருகிறது: அங்கிருப்பவரைப் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கலாம், அவர் சொன்னதைப் பின்னால் எந்த வரி நடவடிக்கையிலும் சாட்சியமாகப் பயன்படுத்தலாம்.

மூன்றாவது 133ஏ, சர்வே. இது கொஞ்சம் கூச்ச சுபாவமுள்ள பிரிவு. கடை திறந்திருக்கும் நேரத்தில்தான் உள்ளே போகலாம். கணக்கைப் பார்க்கலாம், அடையாளக் குறி இடலாம், நகல் எடுக்கலாம், ரொக்கத்தையும் சரக்கையும் எண்ணிப் பார்க்கலாம். ரொக்கத்தையோ சரக்கையோ எடுத்துக்கொண்டு போக மட்டும் முடியாது. கணக்குப் புத்தகங்களைக் கையகப்படுத்தும் அதிகாரமே 2002 ஜூன் 1-இல்தான் சேர்க்கப்பட்டது. ஆக, 2001 ஜூலையில் காதர் கான் சன் நிறுவனத்துக்குள் நுழைந்த அதிகாரிகளுக்கு இந்தப் பிரிவின் கீழ் ஒரு பேரேட்டைக்கூட தூக்கிக்கொண்டு போக வழியில்லை. அன்றைய சர்வேக்களில் வாக்குமூலத்துக்கு இத்தனை மவுசு இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கையில் எடுத்துப் போக முடிந்தது நகல்களும், பேச வைத்து எழுதி வாங்கிய தாள்களும்தான்.

அந்தத் தாள்களைப் பற்றி 133ஏ பிரிவு சொல்வது இவ்வளவுதான்: எந்த ஒரு நடவடிக்கைக்கும் பயன்படக்கூடிய அல்லது தொடர்புடையதாக இருக்கக்கூடிய ஒருவரின் வாக்குமூலத்தை அதிகாரி பதிவு செய்யலாம். ‘பிரமாணத்தின் பேரில்’ என்ற சொற்கள் அங்கே இல்லை. வழக்கு முழுவதும் இந்த இல்லாத சொற்களைச் சுற்றித்தான்.

நம் கிராமங்களில் இந்த வித்தியாசத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையில் உட்கார்ந்து ‘ஆமா, கொடுக்கணும்’ என்று சொல்வது ஒன்று. கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வது வேறு. இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தாலும் ஊர் இரண்டையும் ஒரே எடையில் நிறுத்தாது.

ஒரு கேள்வி வரும். சர்வேக்கு வந்த அதிகாரியைப் பார்த்து ‘என்னைக் கேள்வி கேட்க உனக்கு அதிகாரமே இல்லை’ என்று நேரடியாக வழக்குப் போட்டிருக்கலாமே? போட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் தோற்றார்கள். அந்தப் பழைய கதை தெரிந்தால்தான் காதர் கான் சன் தரப்பு எவ்வளவு புத்திசாலித்தனமாகச் சுற்றுவழியில் போனது என்பது புரியும்.

1954-இல் உச்ச நீதிமன்றத்தில் எம்.பி. சர்மா வழக்கு வந்தது. வரி வழக்கில்லைதான், ஆனால் சோதனை போட்டு ஆவணங்களை எடுப்பதே ஒருவரைத் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்துவது ஆகாதா என்ற வாதம் அதில் வைக்கப்பட்டது. எட்டு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. வருமான வரி ரெய்டின் அரசியலமைப்புச் செல்லுபடி 1973-இல் பூரண்மல் வழக்கில் கேள்விக்கு உள்ளானது. 132-வது பிரிவு செல்லும் என்றது நீதிமன்றம். அதோடு நிற்காமல், சோதனையே சட்டவிரோதமாக இருந்தாலும் அதில் கிடைத்த ஆதாரம் தொடர்புடையதாக இருந்தால் பயன்படுத்தலாம் என்றும் சொல்லிவிட்டது. அடி பலமாக விழுந்தது. 1992-இல் பூல்பாண்டி வழக்கு: சுங்கத்துறை விசாரணையின்போது பக்கத்தில் வக்கீல் இருக்க உரிமை உண்டா? இல்லை என்றது உச்ச நீதிமன்றம். விசாரிக்கப்படுபவர் இன்னும் ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ ஆகவில்லை, ஆகவே தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 20(3) உறுப்பு தரும் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது என்பது அடிப்படை. பின்னாளில் வக்கீல் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில், காதுக்குக் கேட்காத தூரத்தில் இருக்கலாம் என்று சில வழக்குகளில் இளகியது. அவ்வளவுதான் இளக்கம்.

வென்ற வழக்கும் ஒன்று உண்டு. போர்க்கால லாபத்தை மறைத்தவர்களைப் பிடிக்க 1947-இல் ஒரு விசாரணைக் கமிஷன் சட்டம் வந்தது. 1954-இல் சூரஜ்மல் மோஹ்தா வழக்கில் அதன் 5(4) பிரிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் காரணத்தைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான வரி ஏய்ப்பாளர்களில் சிலரை மட்டும் கடுமையான தனி நடைமுறைக்கு உட்படுத்துவது சமத்துவத்துக்கு எதிரானது என்றுதான் அது விழுந்தது. கேட்கும் அதிகாரமே கூடாது என்று நீதிமன்றம் எங்கும் சொல்லவில்லை.

இது வரி செலுத்துபவர்களுக்கு மட்டும் நேர்வதும் இல்லை. மணல் விவகாரத்தில் தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியர்களுக்கு அமலாக்கத்துறை அனுப்பிய சம்மனை எதிர்த்து மாநில அரசே நீதிமன்றம் போனது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஆட்சியர்கள் போய் ஆஜராக வேண்டும் என்றது. அது வேறு சட்டம், இருந்தாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறதல்லவா?

சரி, வழக்குக்கு வருவோம். காதர் கான் சன் தரப்பு அதிகாரத்தைத் தொடவே இல்லை. வந்தீர்கள், கேட்டீர்கள், எழுதினீர்கள், எல்லாம் சரி. ஆனால் எழுதிய தாளை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி வரி போடுவீர்கள்? அந்த 20 லட்சத்தை நிரூபிக்க வேறு என்ன இருக்கிறது? இதுதான் அவர்களின் வாதம்.

மேல்முறையீட்டு ஆணையர் அவர்கள் பக்கம் நின்றார். துறை தீர்ப்பாயத்துக்குப் போனது, அங்கும் தோற்றது. அப்புறம் சென்னை உயர் நீதிமன்றம். உயர் நீதிமன்றம் வரை வந்துவிட்டால் உண்மை விவரங்களைத் திரும்பக் கிளற முடியாது. சட்டக் கேள்வி மட்டும்தான் நிற்கும். துறையின் கேள்வி: பங்குதாரரே ஒப்புக்கொண்ட வருமானத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எப்படிச் சொல்லலாம்? தானே ஒத்துக்கொண்டவன் பிறகு மாற்றிப் பேசினால் நிரூபிக்க வேண்டிய சுமை அவன் தலையில்தானே?

லேசான வாதம் இல்லை. இதே போன்ற ஒரு சர்வே வழக்கில் 2001-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறைக்குச் சாதகமாகத்தான் சொன்னது. ஒப்புக்கொண்டது தவறு என்று காட்டும் பொறுப்பு ஒப்புக்கொண்டவருக்கே என்றது. சென்னை வேறு பாதையில் போனது.

2007 ஜூலையில் வந்த தீர்ப்பு பல பழைய தீர்ப்புகளைக் கோத்து எழுதப்பட்டது. முதல் முத்து ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, புல்லங்கோடு ரப்பர் கம்பெனி வழக்கு. கேரளத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பால் வெட்டும் பருவத்துக்கு வராத மரங்களைப் பராமரித்த செலவைக் கம்பெனி தன் புத்தகத்தில் மூலதனமாக எழுதிவிட்டது. பிறகு விவசாய வருமான வரியில் அதை நடப்புச் செலவாகக் கழிக்கக் கேட்டது. ‘நீயே மூலதனம் என்று எழுதியிருக்கிறாயே’ என்றார்கள். ஒப்புதல் என்பது மிக முக்கியமான சாட்சியம்தான், ஆனால் முடிவான சாட்சியம் ஆகாது, அது தவறு என்று காட்ட எழுதியவருக்கே வாய்ப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். ரப்பர் மரத்தடியில் பிறந்த இந்த வாக்கியம் அதற்குப் பிறகு எத்தனை வரி வழக்குகளுக்கு நிழல் கொடுத்திருக்கிறது என்பதை எண்ணவே முடியாது.

இரண்டாவது, கேரள உயர் நீதிமன்றத்தின் 2003-ஆம் ஆண்டு பால் மேத்யூஸ் தீர்ப்பு. காதர் கான் வழக்கின் முதுகெலும்பு இதுதான். 132(4) பிரிவில் பிரமாணத்தின் பேரில் விசாரிக்கும் அதிகாரத்தையும், அதைச் சாட்சியமாகப் பயன்படுத்தும் வழியையும் சட்டமன்றம் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. 133ஏ பிரிவில் எழுதவில்லை. ஒரே சட்டத்தில், அருகருகே உள்ள பிரிவுகளில், ஓரிடத்தில் எழுதி இன்னோர் இடத்தில் எழுதாமல் விட்டது தற்செயலாக இருக்க முடியாது. பிரமாணம் செய்துவைக்க அதிகாரமில்லாத அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலத்துக்குச் சாட்சிய மதிப்பு இல்லை. தாளின் தலைப்பில் ‘பிரமாண வாக்குமூலம்’ என்று எழுதிவிடுவதால் மட்டும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது.

அப்புறம் ‘கூடிய’ என்ற சொல். பயன்பட‘க்கூடிய’, தொடர்புடையதாக இருக்க‘க்கூடிய’ வாக்குமூலம் என்றுதான் பிரிவு சொல்கிறது. ஆகவே சர்வேயில் திரட்டியதும் எழுதியதும் தன்னளவில் முடிவான சாட்சியம் ஆகாது என்று நீதிமன்றம் வாசித்தது.

கடைசியாக, துறைக்கு மிகவும் சங்கடமான ஒன்று. மத்திய நேரடி வரிகள் வாரியம் 2003 மார்ச் 10-இல் தன் அதிகாரிகளுக்கே ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. சோதனையிலும் சர்வேயிலும் மிரட்டி ஒப்புக்கொள்ள வைத்தார்கள் என்ற புகார்கள் வருகின்றன. நம்பத்தகுந்த ஆதாரம் இல்லாத இத்தகைய ஒப்புதல்கள் பின்னால் திரும்பப் பெறப்படுகின்றன. அதனால் ஆதாரம் திரட்டுவதில் கவனம் செலுத்துங்கள், வாக்குமூலம் பதிவு செய்யும்போது மறைத்த வருமானத்தை ஒப்புக்கொள்ள வைக்க முயலாதீர்கள் என்பது அதன் சாரம். ஆணையரும் தீர்ப்பாயமும் இந்தச் சுற்றறிக்கையை ஒட்டித்தான் முடிவெடுத்தார்கள், அதில் தலையிடக் காரணமில்லை என்று உயர் நீதிமன்றம் துறையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. துறையின் கையெழுத்தே துறையைத் தோற்கடித்தது.

இந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதில் ஒரு தையல் சரியாக விழவில்லை. ஒரு பத்தியில் சர்வே வாக்குமூலத்துக்குச் ‘சாட்சிய மதிப்பு இல்லை’ என்கிறது. இன்னொரு பத்தியில் அது ‘முடிவான சாட்சியம் இல்லை’ என்கிறது. மதிப்பே இல்லாத ஒன்றை முடிவானதா இல்லையா என்று ஏன் கேட்க வேண்டும்? பொதுவான சாட்சியச் சட்டத்தில் ஓர் ஒப்புதல் செல்லுபடியாகப் பிரமாணம் தேவையே இல்லை. கடைக்காரர் தன் நோட்டில் கைப்பட எழுதிவைத்த பாக்கித் தொகைகூட அவருக்கு எதிரான ஒப்புதல்தான், யாரும் அவருக்குச் சத்தியம் செய்துவைக்கவில்லை. புல்லங்கோடு வழக்கில் இருந்ததும் ஒரு கணக்கு எழுத்துதானே தவிர பிரமாணம் செய்த வாக்குமூலம் இல்லை. அங்கே அதற்கு ‘மிக முக்கியமான சாட்சியம்’ என்ற அந்தஸ்து கிடைத்தது.

ஆக, பிரமாணம் இல்லை என்பதால் மதிப்பு பூஜ்யம் என்ற பகுதியைவிட, தனியாக நிற்காது, துணை ஆதாரம் வேண்டும் என்ற பகுதிதான் உறுதியானது என்று நினைக்கிறேன். வக்கீல்கள் முதல் பகுதியைத்தான் அடிக்கோடிட்டுக் கொண்டு போகிறார்கள், அது காதுக்கு இனிமையாக இருப்பதால். சர்வேயில் ஒரு கச்சா சீட்டோ, இரண்டாம் நம்பர் நோட்டோ, சரக்கு எண்ணிக்கையில் துண்டோ கிடைத்து, அதைப் பற்றித்தான் வாக்குமூலம் பேசுகிறது என்றால், காதர் கான் பெயரைச் சொல்லித் தப்பிப்பது கடினம்.

துறை உச்ச நீதிமன்றம் போனது. 2012 செப்டம்பரில் ஆணை வந்தது. கீழே எல்லா நிலைகளிலும் உண்மை விவரங்களில் ஒரே முடிவு எட்டப்பட்டிருப்பதால் மேல்முறையீடு தள்ளுபடி. அவ்வளவுதான், ஏறக்குறைய ஒரே வரி. பிரமாணத்தைப் பற்றியோ 133ஏ பற்றியோ விரிவாக ஒன்றும் இல்லை. ‘உச்ச நீதிமன்றமே உறுதி செய்துவிட்டது’ என்று எழுதுகிறவர்கள் தப்பாக எழுதவில்லை, ஆனால் அந்த ஒரு வரியின் மேல் இரண்டு மாடி கட்டுகிறார்கள்.

தீர்ப்பு கோத்த முத்துகளில் ஒன்று பிற்பாடு கழன்றும் போனது. சர்வேயில் கிடைத்த தகவலை வைத்துத் தொகுப்பு மதிப்பீட்டில் (ரெய்டுக்குப் பின் பல ஆண்டுகளுக்குச் சேர்த்துப் போடும் வரிக் கணக்கில்) வருமானம் சேர்க்க முடியாது என்ற எஸ். அஜித்குமார் வழக்கின் சென்னைத் தீர்ப்பையும் காதர் கான் தீர்ப்பு துணைக்கு அழைத்திருந்தது. அந்த வழக்கில் வரி செலுத்துபவரிடம் ரெய்டு நடந்த அதே வேளையில், அவருக்கு வீடு கட்டிக் கொடுத்த நிறுவனத்தில் சர்வே நடந்தது. 2018-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றி, அப்படி ஒரே நேரத்தில் நடந்த சர்வேயில் கிடைத்ததையும் பயன்படுத்தலாம் என்றது. பழைய தீர்ப்பை அப்படியே படியெடுத்து மனுவில் ஒட்டுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

ரெய்டில் கொடுத்த வாக்குமூலத்துக்கு இந்தத் தீர்ப்பு குடை பிடிக்காது என்பதையும் அதே சென்னை உயர் நீதிமன்றமே காட்டியது. 2014-இல் கிஷோர் குமார் வழக்கில் 132(4) பிரிவின் கீழ்ப் பிரமாணத்தின் பேரில் ஒப்புக்கொண்ட வருமானத்துக்கு, மேற்கொண்டு ஆவணங்களைத் துருவாமலே வரி போடலாம் என்றது. கற்பூரம் அடித்தாயிற்று, பிறகென்ன?

துறையும் சும்மா இருக்கவில்லை. சர்வே நடக்கும் இடத்திலேயே 131-வது பிரிவில் ஒரு சம்மனை நீட்டி, அதன்படி பிரமாணம் செய்வித்து வாக்குமூலம் வாங்கும் பழக்கம் வந்தது. இதற்குச் சட்டத்திலேயே ஒரு கதவு உண்டு. சர்வேக்கு ஒத்துழைக்க மறுத்தால் 131-வது பிரிவின் அதிகாரங்களைப் பயன்படுத்தலாம் என்று 133ஏ பிரிவின் ஆறாம் உட்பிரிவு சொல்கிறது. அமைதியாக ஒத்துழைத்துக்கொண்டு இருப்பவரிடம் அந்தக் கதவைத் திறக்கலாமா என்பது ஒவ்வொரு வழக்கிலும் சண்டைக்கு வருகிறது. இதற்கிடையே 2014 டிசம்பரில் வாரியம் பழைய அறிவுரையை மறுபடி அனுப்பியது, கட்டாயப்படுத்தி ஒப்புதல் வாங்காதீர்கள் என்று. 11 ஆண்டுகளில் அதே விஷயத்தை இரண்டு முறை எழுத வேண்டி வந்ததிலிருந்து களத்தில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

சரண்டர் செய்வதன் விலையும் ஏறிவிட்டது. 2016 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகு, எங்கிருந்து வந்தது என்று விளக்க முடியாத வருமானத்தின் மேல் வரியும் மிகைவரியும் செஸ்ஸும் சேர்ந்து 78 சதவீதம் வரை போனது. ‘ஏதோ ஒரு தொகையைச் சொல்லி ஆளை அனுப்பிவிடலாம்’ என்ற பழைய கணக்கு அதோடு உதைக்க ஆரம்பித்தது.

இந்த வழக்கில் நிறுவனத்தைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு அந்த ஆகஸ்ட் 3 கடிதத்துக்குத்தான் என்பது என் எண்ணம். பத்தாம் நாள் எழுதியது, அதிலும் காரணத்தோடு எழுதியது: யார் பேசினார், அவருக்கு ஏன் தெரியாது, தொகை எப்படி வந்தது. இதே கடிதம் ஒரு வருஷம் கழித்து, வரி நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு போயிருந்தால், யோசித்துச் சொன்ன கதை என்று தள்ளியிருப்பார்கள். பல வழக்குகளில் தள்ளியும் இருக்கிறார்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. 131, 132(4), 133ஏ என்று வாயில் ஊறிப்போன எண்கள் மாறுகின்றன. பழைய ஆண்டுகளுக்கான வழக்குகள் பழைய எண்களோடுதான் இன்னும் பல காலம் நடக்கும். எந்தச் சட்டமானாலும், சர்வே முடிந்து நகல் கைக்கு வந்ததும் ஆடிட்டர் முதலில் பார்ப்பது தொகையை இல்லை. முதல் தாளின் தலைப்பில் எந்தப் பிரிவு எண் போட்டிருக்கிறார்கள் என்பதைத்தான்.